பணம் கட்டும் முன் விசாவைப் படியுங்கள்

கங்காதர நெல்லூரில் நான் ஒரு நெட் சென்டர் நடத்துகிறேன். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது, திருப்பதி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் நாள் குறிப்பது, விசாவைப் பிரிண்ட் எடுப்பது எல்லாம் என் மேசைக்கு வரும். என் அம்மா குவைத்தில் வீட்டுவேலை பார்த்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். அதனால் போகாதீர்கள் என்று யாரையும் தடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் எந்த விசாவில் போகிறோம் என்று தெரியாமல் மட்டும் போய்விடாதீர்கள்.

ஒரு அக்கா விசா காகிதத்தோடு வந்தார். மஸ்கட்டில் வீட்டுவேலை என்றார். காகிதத்தில் இருந்தது விசிட் விசா.

"அக்கா, இது வேலை விசா இல்லை. சுத்திப் பாக்கப் போறவங்களுக்குக் கொடுக்கிறது."

"அங்க போய் மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொன்னாரும்மா."

பணம் கைக்கு வந்துவிட்டால், அப்படிச் சொன்னவர் அப்புறம் போனை எடுக்கமாட்டார். விசிட் விசாவில் வேலை செய்தால் அந்த நாட்டுச் சட்டப்படி செய்கிறவர்தான் குற்றவாளி. சம்பளம் வரவில்லை, அடிக்கிறார்கள் என்றாலும் புகார் கொடுக்கவே பயப்பட வேண்டிய நிலை.

குவைத் கதையும் இதுதான். கம்பெனி வேலைக்கு 18-ஆம் எண் விசா. நம் ஆட்கள் ஷூன் விசா என்பார்கள். வீட்டுவேலைக்கு 20-ஆம் எண். அது காதிம் விசா. காதிம் விசாவில் போனவர் அதைக் கொடுத்த கஃபீல், அதாவது ஸ்பான்சர் முதலாளி, வீட்டில்தான் வேலை செய்யலாம். கடையிலோ ஓட்டலிலோ பிடிபட்டால் நாடு கடத்துவார்கள். 'ஃப்ரீ விசா' என்று ஒன்று சட்டத்தில் கிடையாது. கஃபீலுக்குப் பணம் கட்டிவிட்டு வெளியே வேலை தேடும் ஏற்பாட்டுக்கு ஊரில் வைத்த பெயர் அது. ஆள் ஓடிவிட்டார் என்று கஃபீல் ஒரு புகார் கொடுத்தால் அக்காமா என்ற குடியிருப்பு அனுமதி போய்விடும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் அரசு அனுமதி பெற வேண்டும். பலர் இதைத் தொந்தரவு என்று நினைத்துச் சுற்றுவழி தேடுகிறார்கள். இது நமக்கான காவல். அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாகப் போனால் வேலை ஒப்பந்தம் பதிவாகும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கும். ஈ.சி.ஆர். பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். தனியார் ஏஜென்ட் இவர்களை அனுப்பக்கூடாது. ஆந்திராவில் ஓம்கேப் போன்ற அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்று அதே தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. உண்டு. பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். வீடு தேடி வரும் சப்-ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

குவைத்தில் வீட்டுவேலை செய்பவர்களுக்கென்று 2015-இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 12 மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் விடுமுறை, வருடத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுப்பு. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைக்கக்கூடாது. வேலை முடிந்து கிளம்பும்போது, பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் சேர்த்துத் தர வேண்டும். அம்மா போன காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. இப்போது போகிறவர்களுக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு விமானம் ஏறினால்தானே வாய்திறந்து கேட்க முடியும்?

கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத்தோடு தங்கும் அறையைப் பற்றியும் கேட்கவேண்டும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். தமிழர்களும் ஆந்திரக்காரர்களும் அதில் உண்டு. ஒரு அறையில் எத்தனை பேர், சாப்பாடு யார் பொறுப்பு, திரும்பிவர டிக்கெட் யார் எடுப்பது, எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும்.

கிளம்பும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். அங்கே ஏதாவது நடந்தால் வெளியுறவுத் துறையின் 'மதத்' தளத்தில் புகார் பதிய அவர்களுக்கு அதுதான் கைகொடுக்கும். 1800 11 3090 என்ற அதே துறையின் இலவச எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள்.

நிலத்தை அடமானம் வைத்து, தாலிக்கொடியை விற்றுக் கட்டுகிற பணம் இது. விசா நகலையும் ஒப்பந்தத்தையும் முதலில் கையில் வாங்குங்கள். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவற்றைத் தர மறுப்பவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.