நடுவயது உடலும் பிலாட்டிஸ் பயிற்சியும்

முப்பது வயதைக் கடந்த உடல், போதிய உழைப்போ பயிற்சியோ இல்லாத நிலையில், பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசையை இழக்கிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களுக்கு, எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் குறைந்துபோவதால், எலும்பின் அடர்த்தியும் சில ஆண்டுகளிலேயே விரைந்து குறைகிறது. இவ்விரண்டும் பரவலாக அறியப்பட்டவை. அவ்வளவாகப் பேசப்படாத மூன்றாவது இழப்பு, எந்தத் தசையை எப்போது எவ்வளவு இயக்குவது என்னும் கட்டுப்பாடு தளர்ந்துபோவதாகும். குனிந்து ஒரு குடத்தைத் தூக்கும்போதோ ஈரத்தரையில் கால் வழுக்கும்போதோ உடலைக் காப்பது தசையின் பருமன் மட்டுமன்று, அது உரிய நேரத்தில் இறுகும் திறனும்தான். பிலாட்டிஸ் என்னும் பயிற்சிமுறை நடுவயதினருக்குப் பொருந்துவது பெரிதும் இக்காரணத்தால்தான்.

இம்முறையை வகுத்த ஜோசஃப் பிலாட்டிஸ் 1883-இல் ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்த அவர், பகைநாட்டுக் குடிமகன் என்பதால் பிடிக்கப்பட்டு, ஐல் ஆஃப் மேன் தீவின் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். தரையில் படுத்துச் செய்யும் பயிற்சிகள் பலவற்றுக்கு அவர் உருக்கொடுத்தது அங்கேதான் என்பர். 1920-களின் நடுவில் அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் துணைவி கிளாராவுடன் அவர் நடத்திய பயிற்சிக்கூடத்துக்கு, ஜார்ஜ் பாலன்ஷீன், மார்த்தா கிரஹாம் போன்ற நடன மேதைகள் தம் கலைஞர்களை அனுப்பிவைத்தனர். காயம்பட்ட நடனக் கலைஞரை மீண்டும் மேடையேற்றுவதற்குப் பயன்பட்ட முறை, 1967-இல் அவர் மறைந்த பிறகு மெல்ல மெல்லப் பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது.

பிலாட்டிஸ் முதன்மையாகக் கருதுவது உடலின் நடுப்பகுதியை. வயிற்றின் ஆழ்ந்த அடுக்கில், அரைக்கச்சை கட்டியதுபோல் இடுப்பைக் குறுக்காகச் சுற்றி நிற்கும் தசை ஒன்று உண்டு. அதனோடு, முதுகெலும்புக் கண்ணிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு தசைகளும், மேலே மூச்சை இயக்கும் உதரவிதானமும், கீழே சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளும் சேர்ந்தே உடலின் நடுப்பகுதியை நிலைநிறுத்துகின்றன. மகப்பேற்றாலும் நெடுநேரம் அமர்ந்தே வேலைசெய்வதாலும் இவை தளர்ந்திருந்தால், உடலைத் தாங்கும் சுமை முதுகின் மேலடுக்குத் தசைகள் மீது ஏறுகிறது.

இப்பயிற்சியின் இயல்பை அறிய, அதன் தொடக்கப் பாடமான 'நூறு' ஒன்றே போதும். மல்லாந்து படுத்து, கால்களை உயர்த்தி, தலையையும் தோள்களையும் தரையிலிருந்து சற்றே தூக்கி, உடலின் இருபுறமும் அதை ஒட்டி நீட்டிய கைகளைச் சிறு அசைவாக மேலும் கீழும் ஆட்டவேண்டும். ஐந்து அசைவுக்கு மூச்சை உள்ளிழுத்து, அடுத்த ஐந்துக்கு வெளிவிட்டு, இவ்வாறு பத்துமுறை செய்தால் நூறு நிறைவுறும். பார்ப்பவருக்கு ஆடுவது கைகள் மட்டுமே. செய்பவருக்கோ அவ்வளவு நேரமும் வயிறு இறுகி, இடுப்பை அசையவிடாமல் பிடித்து நிற்கிறது. கழுத்து வலிப்பவர்கள் தலையைத் தரையிலேயே வைத்து, முழங்காலை மடக்கிக்கொண்டு செய்யலாம்.

தரைப்பயிற்சிக்குத் துணையாக ஜோசஃப் பிலாட்டிஸ் அமைத்த கருவிகளுள் பெயர்பெற்றது ரிஃபார்மர். கட்டில் போன்ற சட்டத்தின் மீது முன்னும் பின்னும் நகரும் மெத்தைப் பலகை, அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், காலால் உந்த ஒரு கம்பி, கைகால்களில் மாட்டிக்கொள்ளும் வார்கள் ஆகியவையே அதன் உறுப்புகள். தூக்கும் எடையைப் போலன்றி, ஸ்பிரிங் நீள நீள அதன் எதிர்ப்பு கூடுவதால், அசைவின் இறுதிவரை தசைக்கு ஓய்வில்லை. பலகை திரும்பும்போதும் அதைத் தடாலென்று விடாமல் தசை மெல்ல அடக்கிக்கொண்டே வரவேண்டியிருக்கிறது. ஸ்பிரிங்கைக் குறைத்தால் பயிற்சி எளிதாகும் என்று எண்ணுவது இயல்பு; ஆனால் சில பயிற்சிகளில், தாங்கிப் பிடிக்கும் விசை குறைவதால், நடுவுடலின் வேலை கூடிவிடுகிறது. மூட்டுகளில் அதிர்ச்சி விழாமல் வலிமையைச் சோதிக்கும் இந்த ஏற்பாடு, முழங்கால் தேய்வு தொடங்கியவர்களுக்கும் பெரும்பாலும் ஏற்றது.

இதன் பயனை மிகைப்படுத்தக் கூடாது. நாட்பட்ட இடுப்புவலி குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2015-ஆம் ஆண்டு மதிப்பீடு, பயிற்சி ஏதும் செய்யாதிருப்பதைவிட பிலாட்டிஸ் வலியையும் முடக்கத்தையும் குறைக்கிறது என்றும், பிற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் கூறியது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவது இதயத்துக்காகவும்தான். அத்தகைய உழைப்பைத் தரும் நடையையோ மிதிவண்டி ஓட்டுவதையோ பிலாட்டிஸ் ஈடுசெய்யாது. எலும்பு வலுப்பெற எடை தாங்கும் பயிற்சியும் தனியே வேண்டும். நிமிர்ந்த நிலை, மூச்சின் ஒழுங்கு, சமநிலை, ஆழ்தசைகளின் உறுதி ஆகியவற்றில்தான் இதன் வலிமை வெளிப்படுகிறது.

எலும்புப்புரை, அதாவது எலும்பு உள்ளுக்குள் துளைபட்டு நொய்ந்துபோகும் நிலை, உள்ளவர்களுக்கு எச்சரிக்கை ஒன்று இன்றியமையாதது. அத்தகைய பெண்களிடம் நடத்தப்பட்டு 1984-இல் வெளிவந்த சிறிய ஆய்வொன்றில், முதுகை முன்னோக்கி வளைக்கும் பயிற்சி செய்தவர்களுள் 89 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பில் புதிய நசிவுகள் தோன்றின. பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அது 16 விழுக்காடே. பிலாட்டிஸிலோ முதுகைச் சுருட்டி எழுவதும் உருண்டு திரும்புவதும் அடிப்படைப் பாடங்கள். இவற்றை மாற்றித் தரத் தகுதியுள்ள ஆசிரியர் வேண்டும்; ஆனால் பிலாட்டிஸ் என்னும் பெயரை எவரும் பயன்படுத்தலாம் என்று 2000-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், பெயர்ப்பலகை மட்டும் ஆசிரியரின் தகுதிக்குச் சான்றாகாது. ஆகவே மாதவிடாய் நின்ற பெண்கள் வகுப்பில் சேருமுன் மருத்துவரிடம் எலும்பு அடர்த்திப் பரிசோதனை குறித்துக் கேட்டறிந்து, அதன் முடிவைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே தெரிவிக்கவேண்டும். அதைக் கேட்டும் பயிற்சிகளை மாற்றித் தராத பயிற்சியாளரிடம் சேராமல் இருப்பதே நல்லது.