பழைய முறைவழியாக்கியும் துரித காலமும்

மிருதங்க வித்துவான் ஒருவர் ஒரே சொற்கட்டை முதலில் விளம்ப காலத்தில் வாசிக்கின்றார். அடுத்து மத்திம காலத்தில். அதன் பின்னர் துரித காலத்தில். சொல் ஒன்றுதான், அடிக்கும் அடிக்கும் இடையேயுள்ள பொழுதே குறுகுகின்றது. கை தேர்ந்தவராயின் துரிதத்திலும் ஒவ்வொரு சொல்லும் தனித்துக் கேட்கும். ஆயினும் எத்துணை வல்லவர்க்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்தால், ஓர் ஒலி அடங்கு முன்னரே மற்றோர் ஒலி எழுந்து, சொற்கட்டுக் குழம்பிவிடும். கணினியின் முறைவழியாக்கியை, அதற்குத் தொழிற்சாலை விதித்த வேகத்துக்கு மேலாக இயக்கும் முயற்சிக்கும் இதே எல்லை உண்டு. கணினி விளையாட்டில் ஈடுபாடுடையோர் அம்முயற்சியை ஓவர்க்ளொக்கிங் என்பர்.

வானொலி நேயர்களுக்கு மீடிறன் என்னும் சொல் புதியதன்று. முறைவழியாக்கியும் ஒரு மீடிறனில் துடிக்கின்றது. தாய்ப்பலகையிலுள்ள சிறு பளிங்குத் துண்டின் சீரான அதிர்விலிருந்து ஓர் அடிப்படை மீடிறன் பெறப்படுகின்றது. அதனைப் பெருக்கி எனப்படும் ஓர் எண்ணாற் பெருக்க வருவதே முறைவழியாக்கியின் வேகம். 2011 சனவரியில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-2500கே என்பதில் அடிப்படை மீடிறன் 100 மெகாஹேர்ட்சு, பெருக்கி 33. ஆகவே அதன் வேகம் 3.3 கிகாஹேர்ட்சு, அஃதாவது செக்கனுக்கு 330 கோடித் துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் எண்ணற்ற நுண்ணிய திரான்சிற்றர்கள் திறந்தும் மூடியும், அடுத்த துடிப்பு வருமுன் தத்தம் நிலையில் அமைதல் வேண்டும். அமையுமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், ஒன்று இருக்கவேண்டிய இடத்திற் சுழியம் நிற்கும். கணக்குப் பிழைக்கும்.

அவ்வாறாயின் விதித்த வேகத்துக்கு மேல் இயங்க இடமிருப்பது எங்ஙனம்? ஒரே சிலிக்கன் வட்டிற் பிறக்கும் சில்லுகள் யாவும் ஒரே தரத்தினவாய் அமைவதில்லை. தொழிற்சாலை அவற்றைச் சோதித்து, தரம் பிரித்து, வேக எண்ணைப் பொறிக்கின்றது. வெப்பம் மிகுந்த அறையிலும், தூசி படிந்த பெட்டியிலும், ஆண்டுக்கணக்கிற் பிழையின்றி இயங்கும் வேகத்தையே அது உறுதியளிக்கும். அத்துடன், மலிவான சில்லுக்குக் கேட்போர் மிகும்போது, உயர்தரச் சில்லுக்கும் தாழ்ந்த எண்ணே பொறிக்கப்படும். இவ்வாறு விற்பனையின் தேவையால் ஒளிந்து கிடக்கும் திறனே ஓவர்க்ளொக்கிங் செய்வோர் தேடும் புதையல்.

அப்புதையலின் புகழ்பெற்ற கதை 1998 ஆகத்து மாதத்திலே தொடங்குகின்றது. அம்மாதத்தில் இன்டெல் நிறுவனம் செலரொன் 300ஏ என்னும் மலிவான முறைவழியாக்கியை 149 டொலருக்கும், பென்டியம் 2 வரிசையில் 450 மெகாஹேர்ட்சு வேகமுடையதை 669 டொலருக்கும் வெளியிட்டது. இவை மொத்தமாக வாங்கும் வணிகர்க்குரிய விலைகள். செலரொனின் பெருக்கி 4.5, அதனை மாற்ற இயலாதவாறு பூட்டியிருந்தனர். குறைந்த வேகச் சில்லுகளில் உயர்ந்த எண்ணைப் பொய்யாகப் பொறித்து விற்ற வணிகரும் அக்காலத்தில் இருந்தனர் என்பதை நினைவிற்கொண்டால், அப்பூட்டைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அடிப்படை மீடிறனுக்குப் பூட்டு இல்லை. அதனை 66 மெகாஹேர்ட்சிலிருந்து 100 மெகாஹேர்ட்சுக்கு உயர்த்தியதும், 300 என்று விற்கப்பட்ட சில்லு 450 என ஓடிற்று. சில்லின் உள்ளேயே 128 கிலோபைற்று பதுக்கு நினைவகம் முழு வேகத்தில் இயங்கியமையால், விளையாட்டுகளில் அது நான்கு மடங்குக்கு மேல் விலையுடைய பென்டியத்துக்கு ஏறக்குறைய ஈடுகொடுத்தது.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தாய்ப்பலகையில் உள்ள ஏனைய உறுப்புகளும் அதே அடிப்படை மீடிறனைப் பங்கிட்டே தம் வேகத்தைப் பெற்றன. 66 இன் அரைப்பங்கும் 33. 100 இன் மூன்றிலொரு பங்கும் 33. ஆகவே 100 இல் அவை தமக்குரிய வேகத்திலேயே இயங்கின. இடையிலுள்ள 83 ஐத் தெரிந்தவர்க்கோ அரைப்பங்கு 41 ஐத் தாண்டிற்று. முறைவழியாக்கி தாங்கினாலும், வன்தட்டு தடுமாறி எழுத்துகளைச் சிதைத்தது. மிதமாகக் கேட்டவர் இடர்ப்பட, துணிந்து கேட்டவர் நலமாயிருந்த விந்தை இது.

பதின்மூன்று ஆண்டுகளின் பின் வந்த 2500கே நேர்மாறானது. அதில் அடிப்படை மீடிறனைச் சிறிது தொட்டாலும் எல்லா உறுப்புகளும் சேர்ந்து அசையும். ஆகவே அவ்வழி அடைபட்டது. பெருக்கிக்கோ பூட்டு இல்லை. பெயரின் ஈற்றிலுள்ள கே என்னும் எழுத்து அதனையே குறிக்கின்றது. பெருக்கியை 33 இலிருந்து 42, 44 வரை உயர்த்தியோர் பலர். ஆயினும் பி67, இசட்68 போன்ற தாய்ப்பலகைகளே இதற்கு இடந்தரும். மலிவான எச்61 பலகையில் இச்சில்லைப் பொருத்தியவர்க்கு அந்தக் கே எழுத்தால் இவ்வகையிற் பயனில்லை. கைமாறிய பழைய கணினியை வாங்குவோர் இதனை முதலில் விசாரித்தல் நன்று.

இனி, இம்முயற்சிக்குரிய விலையைப் பார்ப்போம். வேகம் கூடும்போது திரான்சிற்றர்கள் விரைந்து மாற, அவற்றுக்கு வோல்ற்றளவையும் சிறிது கூட்டவேண்டி நேர்கின்றது. செலவாகும் வலு மீடிறனின் விகிதத்திலும், வோல்ற்றளவின் வர்க்கத்தின் விகிதத்திலும் ஏறும். எடுத்துக்காட்டாக, 3.3 இலிருந்து 4.4 கிகாஹேர்ட்சுக்குப் போகையில் மீடிறன் மூன்றிலொரு பங்கு கூடுகின்றது. அதற்கென 1.2 வோல்ற்றை 1.35 ஆக்கினால், வர்க்கத்தின் கணக்கில் இன்னும் நான்கிலொரு பங்குக்கு மேல் கூடும். இரண்டையும் பெருக்கினால், 95 வாற்று என்று வகுக்கப்பட்ட சில்லு ஏறக்குறைய 160 வாற்றை உண்ணும். வேகத்தில் மூன்றிலொரு பங்கு. வெப்பத்தில் மூன்றில் இரு பங்கு! பெட்டியுடன் வந்த சிறு மின்விசிறி இதற்குப் போதாது. வெப்ப நாடுகளில் வாழ்வோர் மேலும் ஒன்றைக் கருதல் வேண்டும். 20 பாகை அறையிற் சோதித்தவர் 68 பாகை கண்டாரென்றால், அதே சில்லு 32 பாகை அறையில் 80 பாகையை எட்டும்.

இவ்வளவு செய்தும் விளையாட்டு விரைவுபடுமா என்பதே தலையாய கேள்வி. திரையில் ஒவ்வொரு படமும் இருவர் உழைப்பில் உருவாகின்றது. முறைவழியாக்கி, எதிரி எங்கே நிற்கின்றான், குண்டு எங்கே விழுகின்றது எனக் கணிக்கும். வரைவியல் அட்டை அதனைத் தீட்டும். ஒரு படத்துக்கு முன்னது 20 மில்லிசெக்கனும் பின்னது 14 மில்லிசெக்கனும் எடுத்தால், செக்கனுக்கு 50 படங்களே வரும். முறைவழியாக்கியை மேற்கூறியவாறு விரைவித்தால் 20 என்பது 15 ஆகும்; படங்கள் 66 ஆகும். கண்ணுக்குத் தெரியும் பயன் அது. ஆனால் வரைவியல் அட்டை 25 மில்லிசெக்கன் எடுப்பதாயின், முன்பும் 40 படங்கள், பின்பும் 40 படங்களே. எவர் பிந்துகின்றார் என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. விளையாட்டின் அமைப்பிற் படத்தின் பிரிதிறனைக் குறைத்துப் பார்க்கவேண்டும். படங்களின் எண்ணிக்கை ஏறினால் பிந்தியது அட்டை. ஏறாவிடின் பெரும்பாலும் முறைவழியாக்கி. செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமற் குளிர்விப்பான் வாங்கப் புறப்படுவோர் பலர் என்பது வியப்பு.

வேகத்தால் தீராத குறைகளும் உள. 2500கே என்பதில் நான்கு கருக்களே உண்டு. எட்டுக் கருக்களுக்கு வேலை பகிரும் புதிய விளையாட்டில் அது திணறும். மேலும் ஏவிஎக்ஸ்2 என்னும் கட்டளைத் தொகுதி 2013 இல் வந்த இன்டெல் சில்லுகளிலிருந்தே கிடைப்பது. அதனைக் கட்டாயமாகக் கேட்கும் விளையாட்டு, பழைய சில்லு எவ்வளவு விரைந்தாலும் தொடங்கவே மாட்டாது.

முயல விரும்புவோர் முதலில் தூசியைத் துடைத்து, உலர்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுதல் வேண்டும். சிலருக்கு அவ்வளவே போதுமான ஆறுதல் தரும். மின்வழங்கியும் பழையதாயின் அதனை நம்புவதற்கில்லை. முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதி செய்தபின், பெருக்கியை ஒவ்வோர் எண்ணாக உயர்த்தி, பிரைம்95 போன்ற கடுஞ்சோதனை நிரலை ஒவ்வொரு படியிலும் ஓடவிடல் வேண்டும். கணினி எழும்பவே மறுத்தால் அஞ்சவேண்டுவதில்லை. மின்னிணைப்பை நீக்கி, பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றி மாட்டினால் பழைய அமைப்பு மீளும். அணைந்துபோகும் கணினியைக் காட்டிலும், அணையாமற் பிழைக்கும் கணினியே கொடியது. விளையாட்டில் ஒரு புள்ளி இடம் மாறினால் எவரும் அறியார். ஆனால் அதே பிழை மாணவன் ஒருவனின் ஆய்வேட்டிலோ, திருமணப் படங்களிலோ சத்தமின்றிப் புகுந்துவிட்டால், பல மாதங்களின் பின்னரே அது தெரியவரும்.

வெப்பநிலை 98 பாகையை எட்டும்போது அச்சில்லு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த எல்லைவரை போகவிடாது 80 பாகைக்குள் நிறுத்துவது தக்கது. மிகுந்த வோல்ற்றளவும் வெப்பமும் சேர்ந்தால், சில்லினுள்ளே மயிரினும் நுண்ணிய உலோகக் கம்பிகளை மின்னோட்டமே காலப்போக்கில் அரித்துவிடும். சோதனையிற் பிழை காட்டிய எண்ணிலிருந்து ஒரு படியன்று, இரு படி இறங்கி நிலைகொள்வது அனுபவமுடையோர் வழக்கம். மார்கழிக் குளிரில் தேர்ந்த வேகத்தைச் சித்திரை வெயிலில் ஒரு முறை மீண்டும் சோதித்துக்கொள்வர்.