மருந்திருந்தும் மாளும் சிறுவர்

நீரிழிவு என்றதும் எமது நினைவுக்கு வருவோர் யார்? தேநீருக்குச் சீனி வேண்டாமென்று கையமர்த்தும் பெரியப்பா. காலிற் பட்ட புண் மாதக்கணக்கில் ஆறவில்லையே என்று முறையிடும் அம்மம்மா. நடுவயதைத் தாண்டியோரைப் பிடிக்கும் நோய் என்பதே ஊரார் கொண்டிருக்கும் எண்ணம். ஆனால் அதே பெயரைத் தாங்கி, இயல்பிலே முற்றும் வேறான இன்னொரு நோயும் உண்டு. தவழும் குழந்தையையும் அது விட்டுவைப்பதில்லை; பள்ளிக்கூடம் செல்லும் சிறுவரையும் விட்டுவைப்பதில்லை. பிள்ளை தின்ற இனிப்புக்கும் அதற்கும் யாதொரு தொடர்புமில்லை. தாயின் வளர்ப்பிலே பிழையென்று சுற்றத்தார் பழி கூறுவதற்கும் இடமில்லை. வைத்தியர்கள் இதனை முதலாம் வகை நீரிழிவு என்பர்.

இரைப்பைக்குப் பின்னாலே சதையி என்றோர் உறுப்பு இருக்கின்றது. அதனுள்ளே சிறு தீவுகள் போல ஆங்காங்கே திரண்டு கிடக்கும் கலங்களிலிருந்து இன்சுலின் சுரக்கின்றது. நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே வழிதவறி அக்கலங்களை அழித்துவிடுவதனாலேயே இந்நோய் உண்டாகின்றது. இன்சுலின் இல்லையேல் குருதியிலுள்ள வெல்லம் தசைகளுக்குப் பயன்படாது. கொம்பறை நிறைய நெல்லிருந்தும் சாவி தொலைந்த வீட்டார் பட்டினி கிடப்பதைப் போன்ற நிலைமை அது. உடல் தன் கொழுப்பையே எரித்து உயிர் வாழ முயலும். அதனாற் பிறக்கும் அமிலங்கள் குருதியை நஞ்சாக்கும். குழந்தை ஓயாது தண்ணீர் கேட்கும்; குடித்ததெல்லாம் சிறுநீராகப் போகும்; உண்டும் உடல் மெலியும். இரவிலே பாயை நனைக்கும் வழக்கத்தை விட்டிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கும். மூச்சிலே கனிந்து அழியும் பழத்தின் மணம் வீசும். அதன் பின்னர் மயக்கம். அதன் பின்னர் மரணம். முதற் குறி தோன்றியதிலிருந்து இவ்வளவும் நிகழச் சில வாரங்கள் போதும்.

நூறாண்டுகளுக்கு முன்னர் உலகெங்கும் இதுவே விதியாக இருந்தது. 1922ஆம் ஆண்டு சனவரி 11ஆம் திகதி, கனடாவின் ரொறொன்ரோ நகர ஆஸ்பத்திரியிலே லெனாட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அப்போது அவன் நிறை 65 இறாத்தல் மாத்திரமே. முதல் ஊசி நல்ல பயன் தரவில்லை. கொலிப் என்ற இரசாயன அறிஞர் மருந்தை மேலும் தூய்மைப்படுத்திக் கொடுக்க, அதே மாதம் 23ஆம் திகதி மீண்டும் ஏற்றினர், சிறுவன் பிழைத்துக்கொண்டான். அவ்வாண்டு ஓகஸ்டு மாதத்தில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளரின் மகள் எலிசபெத் ஹியூஸ் அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டாள். நோயைத் தணிக்க அக்காலத்தில் அறிந்திருந்த ஒரே வழி பட்டினியாதலால், ஏறத்தாழப் பதினைந்து வயதான அப்பெண் 45 இறாத்தலாக உருகிப் போயிருந்தாள். இன்சுலின் கிடைத்த பின் அவள் மணம் புரிந்து, மூன்று பிள்ளைகளைப் பெற்று, எழுபத்துமூன்று வயது வரை வாழ்ந்து 1981இலேயே மறைந்தாள். வாழ்நாளில் ஏற்றிக்கொண்ட ஊசிகள் 42,000 வரையில் என்பர்.

மருந்தைக் கண்டறிந்த குழுவினரான பாண்டிங், பெஸ்ட், கொலிப் ஆகியோருக்கு அதனால் செல்வந்தராகும் நோக்கம் இருக்கவில்லை. பெஸ்டும் கொலிப்பும் தம் பெயரிற் பெற்ற உரிமையை ரொறொன்ரோ சர்வகலாசாலைக்கு ஆளுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்துவிட்டனர். பாண்டிங் உரிமைப் பத்திரத்திலே தம் பெயரைச் சேர்க்கவே மறுத்தார் என்பதும் பதிவிலுள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியலிலேயே இன்சுலின் இடம்பெற்றது. அப்படியாயின் இந்நோயாற் குழந்தைகள் இறப்பது என்றோ ஒழிந்திருக்க வேண்டுமல்லவா?

ஒழியவில்லை. 2022இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டிலே பத்து வயதில் இந்நோய் கண்ட குழந்தை ஒன்று, செல்வ நாட்டிற் பிறந்திருப்பின் இன்னும் ஏறக்குறைய 65 ஆண்டு வாழும்; வறிய நாட்டிற் பிறந்திருப்பின் 13 ஆண்டே வாழும். இவையும் சராசரிக் கணக்குகள்தாம். ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள மொசாம்பிக்கில், நீண்ட உள்நாட்டு யுத்தம் 1992இல் முடிந்து பத்தாண்டு கழிந்த பின், லண்டனிலிருந்து சென்ற ஆய்வாளர் விசாரித்தறிந்த நிலைமை இதனினும் கொடியது. நாட்டுப்புறத்திலே நோய் கண்ட பிள்ளை ஓராண்டு வாழ்வதே அரிது என்று அவர்கள் கணித்தனர். அண்டை நாடான சாம்பியாவில் நிலைமை அதைவிடப் பன்மடங்கு மேலாயிருந்தது. இரண்டும் ஏழை நாடுகள், மருந்தும் ஒன்றே.

காரணம் மருந்தின் விலை மாத்திரமன்று. உலக இன்சுலின் வாணிகத்திற் பெரும் பகுதி மூன்றே கம்பனிகளின் கையிலிருப்பதும், பல நாடுகளில் ஒரு மாத மருந்துக்குத் தொழிலாளி பல நாட் கூலியைக் கொடுக்க வேண்டியிருப்பதும் உண்மையே. ஆனால் அரசாங்கம் வாங்கிய மருந்துங்கூட மொசாம்பிக்கிலே பெரும்பாலும் தலைநகர் மாபுட்டோவைத் தாண்டிச் செல்லவில்லை. கப்பலிலே கடல் கடந்து வந்த குப்பி கிராமத்துக்குப் போகும் மண்பாதையிலே தோற்றுப்போனது.

அப்பாதையின் மறுமுனையில் வேறோர் ஆபத்தும் காத்திருக்கின்றது. காய்ச்சல் மலிந்த நாட்டிலே மயங்கிக் கிடக்கும் குழந்தையைக் கண்டால் வைத்தியரின் மனம் முதலில் மலேரியாவையே நாடும். வேகமாக மூச்சு வாங்கினால் நியூமோனியா என்றும், வாந்தி எடுத்தால் வயிற்றுக் கோளாறு என்றும் எண்ணுவர். அவ்வாறு எண்ணி நாளத்தின் வழியே குளுக்கோசை ஏற்றுவார்களாயின் எரிகிற தீயில் நெய் வார்த்த கதைதான். நோயின் பெயரே தெரியாமல் புதைக்கப்படும் குழந்தைகள் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. இத்தனைக்கும் சிறுநீரையோ விரல்நுனிக் குருதியையோ ஒரு சிறு பட்டியிலே தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. அப்பட்டி அங்கே இருப்பதில்லை. இருந்தாலும் அதனை எடுக்க எவருக்கும் தோன்றுவதில்லை.

நோய் இன்னதென்று அறிந்து மருந்தும் பெற்றுவிட்ட வீட்டிலே நிகழ்வதையும் சொல்ல வேண்டும். இன்சுலின் ஏற்றிய பிள்ளை உண்ண வேண்டும்; உண்ணாவிடில் குருதியில் வெல்லம் அளவுக்கு மீறிக் குறைந்து வலிப்பும் மயக்கமும் வரும். இரவுச் சோறு நிச்சயமில்லாத குடிசையிலே தாய் என்ன செய்வாள்? ஊசியைக் குறைத்தால் ஒரு விதமான கேடு. குறையாமற் போட்டால் இன்னொரு விதமான கேடு. அளந்து பார்க்கும் பட்டிகள் இருப்பின் ஓரளவு தெளிந்து நடக்கலாம். ஒரு முறை உபயோகித்தால் எறிந்துவிட வேண்டிய அப்பட்டிகளுக்குப் பல இடங்களில் இன்சுலினைக் காட்டிலும் அதிக பணம் செலவாகின்றது. இன்சுலின் வழங்கிவிட்டோம் என்று பெருமை பேசும் திட்டங்கள் பலவும் இந்தப் பட்டியை மறந்துவிடுவது எமக்குப் பெரும் வியப்பை அளிக்கின்றது.

குளிரூட்டிப் பெட்டியின் கதை சற்று விரித்துச் சொல்லத்தக்கது. திறவாத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்தல் வேண்டும் என்பது மருந்துக் கம்பனிகளின் விதி. மின்சாரமே இல்லாத வீட்டில் அது நடவாத காரியம். கென்யாவிலே சோமாலிய அகதிகள் வாழும் டகஹாலே முகாமில், மருந்தை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊசிக்கும் நோயாளியை அங்கு வரச் செய்தார்கள். நாளுக்கு இரு முறை ஊசி தேவைப்படும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஏது? பெற்றோருக்குத் தொழில் ஏது? எல்லைகளற்ற வைத்தியர்கள் என்ற அமைப்பினர் அம்முகாமின் வீடுகளில் நிலவும் வெப்பத்தை அளந்தனர். இரவில் 25 பாகையும் பகலில் 37 பாகையுமாக அது ஏறி இறங்கியது. ஜெனீவா சர்வகலாசாலை விஞ்ஞானிகள் அதே ஏற்ற இறக்கத்தைப் பரிசோதனைச் சாலையிலே உண்டாக்கி, அதில் நான்கு வாரம் இன்சுலினை வைத்துச் சோதித்தனர். குளிரில் வைத்த மருந்துக்கும் இதற்கும் வேறுபாடு நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இல்லை என 2021இல் அறிவித்தனர். அவ்வளவு காலமும் நோயாளிகளை வாசலுக்கு வாசல் நடக்க வைத்த விதி அத்துணை இறுக்கமாக இருந்திருக்க வேண்டியதில்லை.

மட்பானையும் இதற்கு உதவுகின்றது. பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையிலே மணலை நிரப்பி, அதை ஈரமாக வைத்தால், நீர் ஆவியாகும்போது உட்பானை குளிர்கிறது. ஆபிரிக்காவிலும் ஏனைய வெப்ப நாடுகளிலும் வழங்கும் இத்தகைய பானைகளை அளந்து பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. வறண்ட காற்றுள்ள இடத்திலே அவை நன்கு பயன்படும். புழுக்கம் மிகுந்த கடற்கரையூர்களில் அத்துணை பயன் தாரா. எங்கள் வீட்டு மண்குடத்துத் தண்ணீரின் குளிர்ச்சியை அறிந்த வாசகர்களுக்கு இதில் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை.

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிலே இன்சுலின் இலவசமாகக் கிடைக்கின்றது. ஆனால் 2022இல் பணநெருக்கடியால் மருந்துத் தட்டுகள் வெறுமையான நாட்களை நாமும் கண்டோம். நாள்தோறும் ஊசியை நம்பி வாழும் பிள்ளையுள்ள வீட்டில் அந்த மாதங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ருவாண்டாவிலே வேறொரு வழியைத் தேடினர். அங்கு விசேட வைத்தியர்கள் மிகச் சிலரே. ஆகவே ருவிங்க்வாவு, கிரேகே, புட்டாரோ ஆகிய மாவட்ட ஆஸ்பத்திரிகளிலே தாதிமாரைப் பயிற்றி, சிறுவர் நீரிழிவு போன்ற கடினமான நோய்களுக்கு அவர்களே கிளினிக் நடத்த ஏற்பாடு செய்தனர். தலைநகர் வரை பயணம் செய்ய இயலாத தாய், மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து, மருந்தும் ஊசியும் பட்டியும் ஒரே மேசையிலே பெற்றுச் செல்லலாம். ஊசி போடும் முறையையும் அத்தாதியிடமே கற்றுக்கொள்ளலாம். 2022 ஓகஸ்டில் டோகோ நாட்டின் லோமே நகரிலே கூடிய ஆபிரிக்க சுகாதார அமைச்சர்கள், இம்முறையைத் தங்கள் நாடுகளெங்கும் மாவட்ட ஆஸ்பத்திரிகளிற் பரப்புவதென்று தீர்மானித்தனர். தீர்மானத்தைச் செயலாக்கும் செலவிலே பெரும் பகுதியை இனித்தான் தேட வேண்டியிருந்தது.