கரன்ட் போனால் மீன்தொட்டித் தண்ணீர் எங்கே போகும்?

மீன்தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்து, வழிந்து இறங்கும் தண்ணீரை அதில் வடிகட்டி, மோட்டாரால் மேலே ஏற்றும் அமைப்புதான் ‘சம்ப்’. வண்ணமீன் வியாபாரத்துக்குப் பெயர்போன சென்னை கொளத்தூரில் வாங்கினாலும், ஜவ்வாது மலைக் காவலூரில் இருந்துகொண்டு ஆன்லைனில் வாங்கினாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மோட்டார் நின்றால் என்ன ஆகும்? காற்று மழைக்கு மின்தடை வரும் மலை ஊர்களில் இது இன்னும் முக்கியம்.

வீடு நனையாமல் இருக்க

மோட்டார் நின்றதும், மேலேற்றிய குழாயே தண்ணீரைத் திரும்பக் கீழே இழுக்கும். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் 27 லிட்டர் இறங்கிவிடும். அதைத் தாங்கும் காலியிடம் சம்ப்பில் இல்லையென்றால் தண்ணீர் தரைக்குத்தான் வரும். ஆகவே குழாய் வாயை நீர்மட்டத்தை ஒட்டியே வையுங்கள். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வை மட்டும் நம்பாதீர்கள். பாசியோ நத்தையோ சிக்கினால் அது மூடாது.

இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால் மேல்தொட்டி வழியும். அதற்கு மாற்றாக இரண்டாவது இறக்கக் குழாய் ஒன்று வேண்டும்.

மோட்டார் வாங்கும்போது

பெட்டியில் போட்டிருக்கும் ‘லிட்டர்/மணி’ அளவு, தண்ணீரை உயரம் ஏற்றாதபோது கிடைப்பது. உயரம் கூடக் கூட அது குறையும். ‘அதிகபட்ச உயரம்’ என்று போட்டிருக்கும் இடத்தில் ஒரு சொட்டும் வராது. உங்கள் தொட்டியின் உயரத்துக்கு எவ்வளவு வரும் என்று கேட்டு வாங்குங்கள். 40 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 58 யூனிட். தமிழக வீடுகளுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் கணிசமான பங்கு இதிலேயே போய்விடும்.

உயிருக்கு ஆபத்து

இரண்டு பின் பிளக்கில் எர்த் கிடையாது. மோட்டாரின் உறை விரிசல் விட்டால் தண்ணீரில் மின்சாரம் கசியும். எம்.சி.பி. இந்தக் கசிவுக்கு விழாது. கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.தான் காப்பாற்றும். வயரைப் பிளக்குக்குக் கீழே தொங்கி வளையும்படி விடுங்கள்; வழியும் நீர் பிளக்கைத் தொடாது. பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

சட்டம் தரும் உரிமை

பில் தர மறுப்பதும், பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: மோட்டாரின் வயரை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தால், விபத்து நடந்தபின் விற்றவர் மீது நஷ்டஈடு கேட்க முடியாமல் போகலாம்.

அமைத்துத் தருபவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், அவர் கண்ணெதிரே பிளக்கைப் பிடுங்கி, சம்ப்பில் நீர் எதுவரை ஏறுகிறது என்று கோடு போட்டு வாங்குங்கள்.