ஒட்டுத்தாளைப் பார்க்க முடியாத வாசகன்

பிழைப்புக்காக நான் எழுதுவது மென்பொருள் கையேடு. அதை எழுத்து என்று யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் இந்தக் கையேடுகளின் வாசகன் சமீப வருடங்களில் மாறிவிட்டான். இப்போது வாசிப்பது ஏஜென்ட். அதாவது, கொடுத்த வேலையை முடிக்க எந்தக் கருவியை எப்போது இயக்குவது என்று தானே தீர்மானித்துக்கொள்கிற ஒரு மொழி மாதிரி. அதைப் பொறுத்தவரை கருவி என்பதே ஒரு பிரதிதான்: ஒரு பெயர், சில வரி விவரணை, தரவேண்டிய உள்ளீடுகளின் பட்டியல். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ கொண்டுவந்த முறையிலும் சரி, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையிலும் சரி, சட்டகம் ஏறக்குறைய இதுதான்.

நான் வேலைபார்த்த ஓரிடத்தில், வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித்தரும் கருவி ஒன்று இருந்தது. அதற்கு நான் எழுதிய விவரணை ஒரே வரி: 'ஆர்டருக்கான தொகையைத் திருப்பி அனுப்பும்.' தெளிவாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தது. ஏஜென்டுக்குக் கிடைத்தது 'நேரம் கடந்தது' என்ற இரண்டே சொற்கள். அது பாட்டுக்கு மறுபடி இயக்கியது. பணம் இரண்டு தடவை போய்விட்டது. சாயங்காலத்துக்குள் பலருக்கு இப்படி.

கணக்குப் பிரிவு அக்கா சிரித்தார். 'இது தெரியாதா தம்பி? சுத்திக்கிட்டே இருந்துச்சுன்னா திரும்ப அமுக்கவே கூடாது. ரெண்டு நிமிஷம் விட்டுட்டு லிஸ்ட்ல போயி பாக்கணும். பணம் போயிருக்கும்.' அவருடைய மானிட்டர் ஓரத்தில் ஒரு மஞ்சள் தாளில் அதை எழுதி ஒட்டியிருந்தார், வருஷக்கணக்காக. அந்தப் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் படித்தது அந்தத் தாளைத்தான். என் கையேட்டை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

பிரதியின் இடைவெளிகளை வாசகன் நிரப்புகிறான் என்று வுல்ஃப்காங் ஈஸர் எழுபதுகளில் சொன்னதை நாம் இலக்கியத்தோடு நிறுத்திக்கொண்டோம். இயந்திரத்துக்கு இடைவெளியை நிரப்பத் தெரியாது என்பது தவறான பயம். அது தயங்காமல் நிரப்பிவிடுகிறது, சிக்கலே அதுதான். பதில் வராவிட்டால் மீண்டும் முயல்க என்பது கையேடுகளில் பொதுவாகக் காணப்படும் வழக்கம். அந்தப் பொதுமையை எடுத்து என் மௌனத்தின் மேல் பூசிவிட்டது. அங்கே வேண்டியிருந்ததோ ஓர் அலுவலகத்தின் வட்டார அறிவு. மனித வாசகனுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியைக் கேட்பான். இதற்குப் பக்கத்து நாற்காலி கிடையாது.

உள்ளீட்டுப் பட்டியலில் 'தொகை: எண்' என்றிருந்தது. ரூபாயா, பைசாவா? பணப்பட்டுவாடா நிரல்களில் பலவும் சிறிய அலகிலேயே கேட்பவை. 500 என்றால் அங்கே ஐந்து ரூபாய். வந்தது எண்ணா எழுத்தா என்பதைச் சட்டகம் சரிபார்க்கும். அர்த்தத்தைச் சரிபார்க்காது.

திருத்தி எழுதினேன்: 'ஆர்டருக்கான தொகையை வாடிக்கையாளருக்குத் திருப்பி அனுப்பும். அனுப்பியதை மீட்க முடியாது. தொகை பைசாவில். ஆர்டரை ரத்துசெய்ய இதை இயக்காதே. அதற்கு வேறு கருவி உண்டு. பதில் வராவிட்டால் மீண்டும் இயக்காதே. இரண்டு நிமிடம் கழித்துப் பட்டியலில் பார்.' பிழைச்செய்தியும் விவரணையின் நீட்சிதான் என்பதால் 'நேரம் கடந்தது' என்பதை 'பணம் போயிருக்கலாம், பட்டியலைப் பார்' என்று மாற்றச் சொன்னேன். (ஒரே கோரிக்கை எண் இரண்டாம் தடவை வந்தால் நிரலே மறுத்துவிட வேண்டும், சரியான வைத்தியம் அதுதான். அது பின்னால் நடந்தது.) அதற்காக எல்லாவற்றையும் கொட்டவும் முடியாது. பெரும்பாலும் எல்லாக் கருவிகளின் விவரணையும் ஒருசேர அதன்முன் விரிகின்றன. ஒன்றுக்குப் பத்துப் பக்கம் எழுதினால் மற்றவை மங்கும்.

இன்னொன்று. 'விவரணை' என்ற சொல்லே ஏமாற்று. அது விவரிப்பதோடு நிற்காமல் ஏவவும் செய்கிறது. இரண்டு எண்களைக் கூட்டும் கருவியின் விவரணைக்குள், பயனரின் ரகசியக் கோப்புகளைப் படித்து அனுப்பு என்று ஒளித்து எழுதினால் ஏஜென்ட் கீழ்ப்படிவதை 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எழுதியது யார் என்று அது கேட்பதில்லை.

கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் 1971இல் யூனிக்ஸுக்கு எழுதிய கையேட்டில், கட்டளைகளின் பக்கங்களில் 'பிழைகள்' என்றொரு தலைப்பு உண்டு. இது இங்கே சரியாக வேலை செய்யாது என்று கூச்சமில்லாமல் ஒப்புக்கொள்ளும் இடம். அதற்கும் கீழே 'உரியவர்' என்று ஒரு தலைப்பு. யாரைப் போய்க் கேட்பது என்பது அதில் இருக்கும். இன்றைய கருவி விவரணையின் சட்டகத்தில் இந்த இரண்டு தலைப்புக்கும் இடமில்லை. முதலாவதை விவரணைக்குள் நுழைத்துவிட்டேன்.

திருத்தியதை அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, 'என் தாள்ல இருக்கிறதுதானே' என்றார். ஆமாம் என்றேன். 'அப்ப இனிமே யாரும் வந்து கேக்கமாட்டாங்க' என்றபடி மானிட்டர் ஓரத்துத் தாளின் சுருண்ட முனையை விரலால் அழுத்திவிட்டார். கிழிக்கவில்லை.