பின்னால் நண்பர் ஏறினால் ஸ்பிரிங்கைக் கவனியுங்கள்

காலையில் வகுப்புக்குத் தனியாகப் போகும் கப்சாய், மாலையில் இருவரைச் சுமக்கும். பின் ஸ்பிரிங் மட்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும். ஷாக் அப்சார்பரில் படிகள் வெட்டிய வளையம் இருந்தால், அதற்குரிய சாவியால் திருப்பி அழுத்தத்தைக் கூட்டலாம். இரண்டு ஷாக் உள்ள வண்டியில் இருபுறமும் ஒரே படி. பலர் நினைப்பதுபோல் இதனால் ஸ்பிரிங் கடினமாவதில்லை. சுமையில் தாழ்ந்த வண்டி நிமிர்கிறது, அவ்வளவே. ஓட்டுபவர் அமர்ந்ததும் மொத்த அசைவில் ஏறக்குறைய 30 விழுக்காடு அமிழ்ந்தால் சரி. தாழ்ந்தே ஓடினால் முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும்.

முன் ஃபோர்க்கில் எண்ணெய் வளையம் தெரிகிறதா? சீல் போய்விட்டது. பட்டறைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த எண்ணெய் டிஸ்க்கில் பட்டால் பிரேக் வழுக்கும். சீலைக் கீறுவது பெரும்பாலும் காய்ந்த சேறுதான். மழைக்குப் பிறகு ஃபோர்க் குழாயை ஈரத்துணியால் துடையுங்கள்.