உஷார்! சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லீவு வாங்கப் போகிறீர்களா?

"சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை, பிள்ளைங்களோட இருக்கணும்." பள்ளிக்கூட லீவு நெருங்கினாலே சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம் இந்தப் பேச்சு அடிபடுகிறது. ஆசை நியாயமானது. அதை நிறைவேற்றிக்கொள்கிற விதத்தைப் பார்த்தால்தான் அடிவயிறு கலங்குகிறது. குறையப்போகிற சம்பளம் கடிதத்தில் பைசா சுத்தமாக இருக்கிறது. கிடைக்கப்போகிற சலுகையோ "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையோடு நின்றுவிடுகிறது.

முதலில் கிராஜுவிட்டி. ஒரே கம்பெனியில் வருஷக்கணக்காக இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வேலையை விடும்போது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷங்களால் பெருக்குவார்கள். 18 வருஷ சர்வீஸ், அடிப்படை 60,000 ரூபாய் என்றால் ஏறக்குறைய 6 லட்சத்து 23 ஆயிரம் வரும். வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அதை 40,000 ஆக்கச் சம்மதித்து, அந்தச் சம்பளத்திலேயே வேலையை விட்டால் 4 லட்சத்து 15 ஆயிரம்தான். நல்ல சம்பளத்தில் உழைத்த பழைய வருஷங்களுக்கும் சேர்த்துக் கணக்கு கீழே இறங்கிவிடும்! வேறு கம்பெனிக்கு மாறினாலோ, நிரந்தர ஊழியர் கிராஜுவிட்டி பெறுவதற்கான 5 வருஷக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிக்கிற இடமானால், உங்கள் 12 சதவீதத்தோடு கம்பெனி போடுகிற பங்கும் குறையும்.

இத்தனையையும் விட்டுக்கொடுத்து வாங்குகிற சலுகையாவது நிலைக்குமா? கொரோனா சமயத்தில் சொந்த ஊருக்கே குடிபோனவர்களைக் கேளுங்கள். டி.சி.எஸ். 2023 அக்டோபரிலிருந்து வாரம் 5 நாளும் ஆபீஸ் வரச் சொன்னது. அமேசான் 2025 ஜனவரி 2 முதல் அதையே சொன்னது.

என் சித்தி மகள், மே மாதம் மூன்று வாரம் லீவு கிடைக்கும் என்று நம்பித்தான் குறைந்த சம்பளத்துக்கு ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். தென்காசிப் பக்கம் மாமியார் ஊர். வீட்டில் எல்லோரும் அம்மன் கோயில் கொடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவள் சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான பின்வாசல் படியில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். "ஒரு அரை மணி நேரம்தான், இந்த ஒரு கால் மட்டும் அட்டெண்ட் பண்ணிடுங்க" என்றாராம் மேனேஜர். அந்த அரை மணி நேரம் இருட்டும்வரை நீண்டது. திரும்பி வந்து எச்.ஆரிடம் கேட்டால், "ஆஃபர் லெட்டர்லயே 'நிறுவனத் தேவைக்கு உட்பட்டு'ன்னு இருக்கே மேடம்" என்று பதில். உண்மைதான், இருந்தது.

"எவ்வளவு லீவு வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்கிற கம்பெனியிடம் இன்னும் கவனமாக இருங்கள். கணக்கில் லீவு சேரவில்லை என்றால், விலகும்போது காசாக்குவதற்கும் ஒன்றும் இருக்காது. "கன்சல்டன்டா மாறிக்கோங்க, நேரம் உங்க கையில" என்று சொன்னாலோ, உடனே தலையாட்டாதீர்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி, பெண்களுக்கான 26 வாரப் பேறுகால விடுப்பு எல்லாமே ஊழியருக்கு உரியவை. அப்பா அம்மாவைச் சேர்த்திருக்கிற கம்பெனி மெடிக்ளெய்மும் போய்விடும். வெளியே புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 3 வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம்.

ஆகவே, கையெழுத்துக்கு முன்னால் எழுதி வாங்குங்கள். தொடர்ச்சியாக எத்தனை நாள் லீவு, யார் அனுமதிப்பார், லீவு நாளில் கூப்பிடலாமா கூடாதா என்பது கடிதத்தில் இருக்க வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது; லீவு அனுமதி அதற்கும் முன்பே கைக்கு வர வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சலுகையைத் திரும்பப் பெற்றால் பழைய சம்பளம் திரும்பும் என்று ஒரு வரி கேளுங்கள். அந்த ஒரு வரியை எழுதித் தர மறுக்கிறார்களா? அப்படியானால் கையெழுத்துப் போடாதீர்கள்.